பக்கவாத்தியக்காரரின் சரணாகதி

1970இல் நியூயார்க்கில், ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிதார் கலைஞர் ஸ்ரீ சின்மய் என்ற வங்காள குருவிடம் சீடராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. யார்க்ஷயரில் டான்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர்; தாய் வயலின் வாசிப்பவர்; 11 வயதில் கிதாரைக் கையில் எடுத்தவர். குருவோ சிட்டகாங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1944 முதல் இருபது ஆண்டுகள் நம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தில் வளர்ந்து, 1964இல் அமெரிக்கா போனவர். சீடருக்கு அவர் வைத்த பெயர் மகாவிஷ்ணு. ராக் இசைக்காரர்கள் எல்லாரும் தோள் வரை முடி வளர்த்திருந்த காலத்தில் மெக்லாஃப்லின் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார், வெள்ளை உடுத்தினார், புலாலையும் மதுவையும் விட்டார், கச்சேரி தொடங்கும் முன் ரசிகர்களைச் சற்று நேரம் மௌனமாக இருக்கச் சொன்னார். அவருடைய குழுவுக்கும் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்றே பெயர். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து அவர் குருவை விட்டு விலகினார். அதற்குப் பிறகு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது சக்தி குழு. தமிழ்நாட்டுக் காதுகளுக்கு மிக நெருக்கமானதும் அதுவே. அப்படியானால் குருவின் காலடியில் இருந்தபடி வாசித்தது மட்டும்தான் இறைவனுக்குரிய இசையா? விலகிய பின் வாசித்தது வெறும் சங்கீதமா? அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வேகத்தையும் விரல்களையும் பேசிவிட்டு இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நம்மிடம் இதற்குத் தயாரான ஒரு பதில் உண்டு: பக்தி முதலில், இசை பிறகு. திருவையாற்றுத் தியாகராஜர், பக்தியில்லாத சங்கீத ஞானம் நல்ல வழியில் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று தன்யாசி ராகத்தில் ஒரு கீர்த்தனையே செய்து வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று அவர் சமாதியில் கூடிப் பாடுகிறவர்கள் அதை மறுக்கத் துணிய மாட்டார்கள். இந்தப் பதிலை ஏற்றால் மெக்லாஃப்லினின் கதை எளிதாகிவிடும்: குரு இருந்தவரை இசை பூஜை, குரு போனபின் தொழில். ஆனால் அவருடைய பதிவுகளையும், அந்தக் குழுக்கள் நடந்த விதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு நேர்மாறாக வருகிறது. இசைக்கலைஞருடைய சரணாகதியை அவர் எதை நம்புகிறார் என்பதை வைத்து அளக்க முடியாது. வாசிக்கும்போது யாருக்கு, எதற்கு வழிவிடுகிறார் என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த வழிவிடுதலுக்கு நம் மரபு ஒரு பதவியே ஒதுக்கியிருக்கிறது. பக்கவாத்தியம்.

சீடராவதற்கு முன்பே அவருக்கு இதில் ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1960களில் லண்டனில் கிரஹாம் பாண்ட் போன்றவர்களோடு வாசித்து, பதிவுக்கூடங்களில் கூலிக்கு வாசித்து, 1969 ஜனவரியில் 'எக்ஸ்ட்ராபொலேஷன்' என்ற தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தார். அடுத்த மாதமே டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் அழைத்ததால் நியூயார்க் போனார். போய் இறங்கிய சில நாட்களில், பிப்ரவரி 18ஆம் தேதி, ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' பதிவில் உட்கார்ந்திருந்தார். அங்கே தடுமாறிக்கொண்டிருந்தவரிடம் மைல்ஸ், கிதார் வாசிக்கவே தெரியாதவரைப் போல வாசி என்று சொன்னதை மெக்லாஃப்லினே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். குழந்தைப் பருவத்திலிருந்து தேடிச் சேர்த்த வித்தையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்ன கட்டளை அது. சொன்னவர் சாமியாரும் அல்லர், சாந்த சொரூபியும் அல்லர். இருந்தும், அகங்காரத்தைக் கழற்றி வை என்று ஆசிரமங்களில் சொல்லப்படும் உபதேசத்தை அதைவிடச் செயல்படுத்தக்கூடிய வடிவத்தில் சொன்னவர் அவர்தான் என்று தோன்றுகிறது. அந்தப் பதிவில் கிதார் முண்டியடிக்கவில்லை. மற்றவர்கள் விடும் இடைவெளியில் தயங்கித் தயங்கி நடக்கிறது.

இனி மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா. 1971இல் தொடங்கிய அந்த ஐவர் குழு ராக், ஜாஸ் இரண்டின் சரித்திரத்தையும் மாற்றியது என்பதில் சந்தேகமில்லை. 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' இன்றைக்குக் கேட்டாலும் மயிர்க்கூச்செறியும். இரட்டைக் கழுத்து கிதார், காது கிழியும் ஒலி, மேற்கத்திய ரசிகர்கள் எண்ணிப் பழகாத தாளக் கணக்குகள். ஆனால் குழுவுக்குள் என்ன நடந்தது? மெக்லாஃப்லின் மட்டுமே சீடர். பில்லி காபம், யான் ஹாமர், ஜெரி குட்மன், ரிக் லெயர்ட் நால்வருக்கும் அந்த குருவோடு ஒட்டுதல் இல்லை. வெளியான இரண்டு ஸ்டூடியோ ஆல்பங்களிலும் இசையமைப்பாளர் பெயர் ஒன்றே ஒன்று. 1973இல் லண்டன் டிரைடன்ட் பதிவுக்கூடத்தில் மூன்றாவதாகப் பதிவானபோதுதான் மற்றவர்களின் படைப்புகளும் சேர்ந்தன. குழுவில் பிணக்கு முற்றி அந்தப் பதிவு கிடப்பில் போய், 1999இல்தான் வெளிவந்தது. 1973 இறுதியிலேயே முதல் குழு கலைந்துவிட்டது. இடையில் அதே குருவின் இன்னொரு சீடரான கார்லோஸ் சந்தானாவோடு சேர்ந்து, தலைப்பிலேயே அன்பு, பக்தி, சரணாகதி மூன்றையும் வரிசைப்படுத்திய ஆல்பம் ஒன்றையும் வெளியிட்டார். குழு உடைந்ததற்குப் பணம், புகழ், ஓயாத பயணம் என்று பல காரணங்கள் இருக்கும். நான் கவனிப்பது ஒன்றைத்தான். எங்கோ உயரத்தில் இருக்கும் ஒருவருக்கு முழுமையாகச் சரணடைந்திருப்பதும், பக்கத்தில் நின்று டிரம்ஸ் அடிப்பவருக்கு இடம்விடாமல் இருப்பதும் ஒரே மனிதரிடம் ஒரே காலத்தில் இருக்க முடிந்தது. பக்தியின் பெயரால் நடக்கும் எத்தனையோ காரியங்களில் நாம் பார்ப்பதுதான் இது. கிதார்க்காரருக்கு மட்டும் விதிவிலக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்கிடையே அவர் வேறொரு வாசலிலும் போய் நின்றார். கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். ராமநாதன் விழுப்புரத்தை அடுத்த வளவனூர்க்காரர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். ஆர்ப்பாட்டம் இல்லாத ஆசிரியர். அதே பல்கலைக்கழகத்தில் வயலின் கலைஞர் எல். சங்கர் இருந்தார், சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1958 இனக் கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இந்தியா திரும்பியவர். இவர்களோடு தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயகராம், மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் வாசித்த கச்சேரியே சக்தியின் முதல் ஆல்பமாக வந்தது. உலகத்திலேயே உரக்க வாசித்த குழுக்களில் ஒன்றின் தலைவர், மின்சாரம் சேராத கிதாரோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அந்தக் கிதாரைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் உயர்ந்து நிற்பதால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கலாம். கிதாரில் விரல் நுனி மரத்தில் முட்டிவிடும். ஆகவே மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி, குறுக்கே ஏழு அனுரணனத் தந்திகளும் கட்டினார்கள். தன் கருவிக்கு ஏற்றபடி ராகத்தை வளைக்காமல், ராகத்துக்கு ஏற்றபடி கருவியைக் குடைந்தார். சக்தியின் மூன்று ஆல்பங்களிலும் பெரும்பாலான உருப்படிகளுக்குக் கீழே சங்கர் பெயரும் அவர் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. மகாவிஷ்ணுவுக்குக் கிடைத்த கூட்டமும் விற்பனையும் சக்திக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்த மாற்றத்தை எடைபோட வேண்டும்.

இப்படி வழிவிட்ட ஒருவரின் கதை பெரிய புராணத்திலும் இருக்கிறது: திருநீலகண்ட யாழ்ப்பாணர். அறுபத்துமூன்று நாயன்மார்களில் பதிகம் பாடாமல், பிறர் பாடிய பதிகத்தைத் தந்தியில் வாசித்தே நாயனார் ஆனவர் அவர். எருக்கத்தம்புலியூர்க்காரர், மனைவி மதங்கசூளாமணியோடு ஊர் ஊராகச் சென்று பாடியவர், சம்பந்தரைத் தேடிச் சீகாழிக்குப் போய், இனி உங்கள் பதிகங்களை யாழில் வாசிப்பதே என் பணி என்று கூடவே நடந்தவர். தாய் பிறந்த ஊரான தருமபுரத்துக்குப் போனபோது (இது காரைக்கால் பக்கத்துத் தருமபுரம், நம் தருமபுரி அல்ல) உறவினர்கள், சம்பந்தர் பாட்டு பரவுவதே உன் யாழால்தான் என்று பெருமையடித்தார்கள். பாணர் மகிழவில்லை, நடுங்கினார். யாழில் அடங்காத ஒரு பதிகத்தைப் பாடிக் காட்டும்படி சம்பந்தரிடம் அவரே கேட்டுக்கொண்டார். பிறந்தது யாழ்மூரி. வாசித்துப் பார்த்தார், அடங்கவில்லை. யாழை உடைக்கக் கை ஓங்கினார். சம்பந்தர் தடுத்து, முடிந்த அளவு வாசியும் என்று யாழைத் திருப்பிக் கொடுத்தார். இந்தக் கதையில் என்னை நிறுத்துவது, பாணர் கேட்ட கோரிக்கை. புகழ் தன் பக்கம் சாய்கிறது என்று தெரிந்த கணத்தில், தன் வித்தையின் எல்லையை ஊரறியக் காட்டச் சொல்கிறார். யாழை உடைக்க வேண்டாம், முடிந்த மட்டும் தொடர்ந்து வா என்பதில் சம்பந்தரின் பெருந்தன்மையும் இருக்கிறது, பக்கவாத்தியத்தின் இலக்கணமும் இருக்கிறது. முன்னால் போகாதே, நின்றும் விடாதே.

இதெல்லாம் சோழநாட்டுப் புராணமும் அமெரிக்கப் பல்கலைக்கழகமும். நம் தருமபுரி மாவட்டத்து மொரப்பூருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். சென்னையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் இருக்கும் அந்த ஊரில் டிசம்பர் சீசனும் கிடையாது, சபாவும் கிடையாது. ஆனால் இந்தக் கேள்விக்கான மிகத் தெளிவான சாட்சி அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மொரப்பூர், அரூர், கடத்தூர் வட்டாரத்து மாரியம்மன் திருவிழாக்களிலும் அங்காளம்மன் மயானக்கொள்ளையிலும் பம்பைக்காரர்கள் இல்லாமல் சாமி இறங்காது. இடுப்பில் கட்டிய இரட்டைப் பம்பை, உடுக்கை, சிலம்பு, மேலே அம்மன் வர்ணிப்பு. கரகம் ஜோடித்துக் காத்திருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி அடிக்கிறார்கள். ஒரு வர்ணிப்பில் அருள் வராவிட்டால் வேறொன்றுக்குப் போகிறார்கள், அடியை நெருக்குகிறார்கள், தணிக்கிறார்கள். வந்தபின் வந்திருப்பது யார் என்று விசாரிப்பதும் அவர்கள்தான். ஆடுகிறவருக்குத் தன்னினைவு இல்லாமல் போகலாம். பம்பைக்காரருக்குப் போகக் கூடாது. அவருக்கும் அருள் வந்துவிட்டால் தாளம் தவறும், தாளம் தவறினால் ஆடுகிறவரிடமிருந்து சாமி மலையேறிவிடும். அதனால் சாமியை வரவழைக்கிறவர் சாமி வராமல் இருக்க வேண்டியவராகிறார். அன்றிரவு தன் மனத்தில் பக்தி பொங்குகிறதா, வீட்டுக் கடன் நெருடுகிறதா என்பதை யாரும் அவரிடம் கேட்பதில்லை. அவர் கவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியம். அது எதிரில் நிற்பவரின் முகத்தில் இருக்கிறது; அதில்தான் அந்தச் சடங்கே நிற்கிறது.

தியாகராஜர் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இப்போது எழும்: கவனத்தைப் பக்தி என்று பெயர் மாற்றி விற்கிறாய், யாரை நோக்கிய கவனம் என்பதல்லவா கேள்வி? நியாயமான ஆட்சேபம். ஆனால் அதே தியாகராஜர் சித்தரஞ்சனியில் செய்த கீர்த்தனையில் சிவனை நாதமே உடலாகக் கொண்டவனாக வணங்குகிறார். நாதம் இறைவனின் உடல் என்றால், சுருதி விலகாமல் காப்பவர் யாரை நோக்கிக் கவனமாக இருக்கிறார் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. தியாகராஜரிடம் இந்த இரண்டு குரல்களும் உண்டு. முதல் குரலை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு அவர் பெயரால் தீர்ப்பு சொல்வது அவருக்கே அநியாயம். ஜாகிர் உசேன் அடிக்கடி சொன்ன ஒரு செய்தியும் இங்கே பொருந்தும். பிறந்து வீட்டுக்கு வந்த குழந்தையின் காதில் தந்தை பிரார்த்தனை ஓதுவது வழக்கம். அவருடைய தந்தை அல்லா ரக்கா ஓதியது தபலாச் சொற்கட்டுகள். தாய் கோபித்துக்கொண்டபோது, இதுதான் என் பிரார்த்தனை என்றாராம் அல்லா ரக்கா. தொழுகையைக் கைவிட்ட ஒருவரின் பேச்சல்ல இது. இஸ்லாத்தில் நின்றபடியே, தாளத்தை வழிபாட்டுக்குப் பதிலாக அல்ல, வழிபாடாகவே கொண்டவரின் பேச்சு.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பிறரைக் கவனித்து, தன்னை ஒதுக்கி, பொதுக்காரியத்துக்கு ஒத்துழைப்பது நல்ல அறுவைச் சிகிச்சைக் குழுவும் செய்கிறதே, அதைத் தொழில் ஒழுக்கம் என்று சொன்னால் போதாதா, ஏன் சரணாகதி என்ற பெரிய சொல்? ஒப்புக்கொள்கிறேன், எல்லையை அழுத்தமாக வரைய முடியாது. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக் குழுவுக்கு முடிய வேண்டிய காரியம் முன்பே தெரியும். மனோதர்ம இசையில் அப்படி இல்லை. சங்கர் ஒரு ராகத்தில் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவார் என்பது சங்கருக்கே நிச்சயமில்லாத நேரத்தில், மெக்லாஃப்லின் அதற்குத் தயாராக இருக்க வேண்டும். இன்னும் வராத ஒன்றுக்காகத் தன்னைக் காலி செய்து வைத்திருப்பது அந்தத் தயார்நிலை. ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனுக்குக் காத்திருந்த விதத்தோடு அதற்கு உறவு உண்டு என்று சொல்வது மிகையாகாது. பக்கம் வாசிப்பதெல்லாம் வழிபாடு என்று நான் சொல்ல வரவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிடத் தெரியாத வழிபாட்டில் ஏதோ குறைகிறது என்கிறேன். அந்தக் குறைக்கு 1973இன் குழுவே சாட்சி.

மூன்றாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை; எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. பின்னால் இரு, வழிவிடு, அதில்தான் இறைமை இருக்கிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? கர்நாடக மேடையிலேயே கடம் உபபக்கவாத்தியம். கடக்காரருக்குக் கிடைத்த இடமும் சன்மானமும் பாடகருக்குக் கிடைத்தவை அல்ல. பெண்கள் பாடினால் பக்கம் வாசிக்க மாட்டேன் என்றிருந்த மிருதங்க மேதைகள் இருந்தார்கள். வழிவிடுதலுக்கும் ஆண்கள் ஆள் பார்த்தார்கள். சபாவுக்கு வெளியே நிலைமை இன்னும் கொடியது. தருமபுரி மாவட்டம் உட்படத் தமிழகக் கிராமங்களில் சாவுக்கும் திருவிழாவுக்கும் பறையடிப்பது ஒரு சாதியின்மேல் சுமத்தப்பட்ட கட்டாயமாக இருந்தது. இனி அடிக்க மாட்டோம் என்று மறுத்துப் பறையைக் கீழே வைத்த தலைமுறைகள் உண்டு. அவர்களிடம் போய்ப் பக்கவாத்தியத்தின் மகிமையைப் பேசுவது அடிமைத்தனத்துக்கு வேதாந்தப் பூச்சு. யாழ்ப்பாணரும் பாணர் குலம் என்பதால் முதலில் வாசலுக்கு வெளியே நின்று வாசித்தவர்தான். மதுரையில் இறைவனே சொல்லி உள்ளே அழைத்துப் பொற்பலகை இடச் செய்ததாகப் பெரிய புராணம் பாடுகிறது. அந்த அற்புதம் தேவைப்பட்டதே ஊரார் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஆகவே என் வாதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: முன்னால் நிற்கும் உரிமை உள்ளவர் விரும்பிப் பின்னால் வந்தால்தான் அது சரணாகதி, அந்த உரிமையே மறுக்கப்பட்டவர் பின்னால் நிற்பது அநீதி. மெக்லாஃப்லினின் உதாரணம் பயன்படுவதே அவரிடம் துறப்பதற்கு ஒரு மேடை இருந்ததால்தான். அந்தக் குழுவின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் தரையில் இறங்கி உட்கார்ந்த மேடையில்தான், சபாவில் இரண்டாம் வரிசையில் இருந்த விநாயகராமின் கடம் முன்வரிசைக்கு வந்து உலகம் முழுவதும் கேட்கப்பட்டது. மானாமதுரைக் களிமண்ணுக்கு நியாயம் கிடைக்க லாங் ஐலண்ட் வரை போக வேண்டியிருந்தது.

வெள்ளைக்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்ற புகாரும் உண்டு. முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே 'சக்தி, ஜான் மெக்லாஃப்லினுடன்' என்று அவர் பெயர் மட்டும்தான் இருந்தது. இசைத்தட்டுக் கம்பெனிகளின் வியாபாரக் கணக்கு அது, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் எடுத்தலும் கொடுத்தலும் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயர் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத் தெய்வப் பாடல்களை எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படும் அவற்றில் ஒன்று இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டிலேயே சங்கீத சியாமளையைத் துதிக்கிறது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலுவும் எடுத்துக்கொண்ட ஐரோப்பிய வயலின் இல்லாமல் இன்று ஒரு கர்நாடகக் கச்சேரி நடக்குமா? எடுத்தவர் எதற்குக் கட்டுப்பட்டார் என்பதை வைத்துத்தான் எடுத்தல் திருட்டா கல்வியா என்று பிரிக்க முடியும். மெக்லாஃப்லின் கொன்னக்கோலின், அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்கட்டின், கணக்குகளுக்குக் கட்டுப்பட்டார். விநாயகராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து அதைக் கற்பிக்கும் பாடத்தையே வெளியிட்டார். 2007இல் தன் ஜாஸ் ஆல்பம் ஒன்றைச் சென்னைக்கே வந்து பதிவு செய்தார். இருபதாண்டு இடைவெளிக்குப் பின் 1997இல் குழு மீண்டும் கூடியது. பிறகு அதில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தபோது, ஒரு மேற்கத்தியக் கருவியில் கர்நாடக இசையைப் பொருத்திய இந்தியரும், கர்நாடகக் கணக்குக்கு மேற்கத்தியக் கருவியைக் குடைந்த ஆங்கிலேயரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். 2014இல் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் இறக்கும் வரை அந்த உரையாடல் நீடித்தது.

சின்மய் மட்டும் இல்லாதிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. சக்தியின் வேர்கள் அவர் சீடராக இருந்த காலத்திலேயே ஊன்றியவை. மௌனமும் விரதமும் பயிற்சியின் ஒழுங்கும் குருவிடம் பெற்றவையாகவே இருக்கட்டும். விலகியதாலேயே இசை உயர்ந்தது என்று காரண காரியம் சொல்ல மாட்டேன். விலகியதால் தாழவில்லை என்பது மட்டும் என் வாதத்துக்குப் போதும். நம்பிக்கையின் உருவம் மாறியது, குருவின் பெயர் உதிர்ந்தது, ஆனாலும் கூட வாசிப்பவருக்குக் காது கொடுக்கும் பழக்கம் மட்டும் தங்கியது. 2023இல் வெளியாகி அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கிராமி விருது பெற்ற சக்தியின் ஆல்பத்தில், 80 வயதைக் கடந்த அவரோடு சங்கர் மகாதேவன் பாடுகிறார், கணேஷ் ராஜகோபாலன் வயலின் வாசிக்கிறார், ஜாகிரும் செல்வகணேஷும் தாளம் தருகிறார்கள். கிதார் பல இடங்களில் குரலுக்குப் பின்னால் நிழல்போலத் தொடர்கிறது. விருது கிடைத்த ஆண்டின் டிசம்பரில் ஜாகிர் மறைந்தார்.

சென்னையில் 2018 ஆகஸ்டில், கர்நாடகப் பாடகர்கள் சிலர் கிறித்தவப் பாடல்கள் பாடுவதை எதிர்த்துப் பெரிய கூச்சல் எழுந்து, ஒரு கச்சேரி கைவிடப்பட்டது. ராகம் நம்முடையது, அதில் வேற்றுத் தெய்வத்தின் பெயர் வரக்கூடாது என்பது கூச்சலிட்டவர்களின் வாதம். சொல்லில்தான் பக்தி இருக்கிறது என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினால், சொல்லே இல்லாமல் வாசிக்கிறவர்களை என்ன செய்வார்கள்? இஸ்லாமியரான ஷேக் சின்ன மௌலானா திருவரங்கத்தில் குடியேறி ஆயுள் முழுவதும் ஊதிய நாகசுரத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? குருவும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் தரையில் உட்கார்ந்து ராகம் வாசிக்கும் ஆங்கிலேயரை? சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் அடியார்களைப் பெயர் சொல்லி வணங்கிக்கொண்டே வரும்போது யாழ்ப்பாணரையும் சேர்த்துக்கொண்டார். பாணர் தெய்வத்தைப் பற்றி இயற்றியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அப்படியிருக்க சுந்தரர் எதைக் கேட்டு அவரை அடியார் என்றார் என்பதை, சொல்லை வைத்துப் பக்தியை அளப்பவர்கள்தான் விளக்க வேண்டும்.